பாஸான பிள்ளையைப் பெயிலாக்கிய கதை

“பாஸான பிள்ளையைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய், பெயில் எண்டு எழுதுவிச்சுக்கொண்டு வரப்போறியோ? இதுக்கோ உன்னை எஸ்.எஸ்.சி. வரைக்கும் படிப்பிச்சவை?”

மூதூர் ஜெட்டியில், திருகோணமலைக்குப் போகும் காலை லாஞ்சிப் படகுக்குக் காத்து நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி பூரணம் மச்சாள் இப்படிக் கேட்டார். மச்சாள் என் கணவரின் தமக்கை. மெல்லிய குரலில் பேசி அவருக்குப் பழக்கமில்லை. கருவாட்டுச் சிப்பங்களோடு நின்றவர்களும் அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குக் கொண்டுபோகும் மனுக்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தவர்களும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பிறகு என் மகளைப் பார்த்தார்கள்.

வதனிக்கு அப்போது ஐந்து வயது. ஒரு கையால் என் சேலையைப் பிடித்துக்கொண்டு மறு கையில் கச்சான் கடலைச் சுருளோடு நின்றாள். பிறந்த நாளிலிருந்தே அவளுடைய இடது இமை பாதிக்கு மேல் எழும்பியதில்லை. பார்ப்பவர்களுக்கு அந்தப் பக்கம் நித்திரை, இந்தப் பக்கம் விழிப்பு.

“ஓம் மச்சாள், பெயில் எண்டு எழுதுவிச்சுக்கொண்டுதான் வருவன்” என்றேன்.

“படிச்சவையின்ர கதை படிச்சவைக்குத்தான் விளங்கும்” என்று பொதுவாக எல்லோருக்கும் அறிவித்துவிட்டு, மச்சாள் வதனியின் தலையைத் தடவி, மடியிலிருந்த இன்னொரு கச்சான் சுருளையும் கொடுத்துவிட்டுப் போனார்.

என் கைப்பையில் ஆஸ்பத்திரித் துண்டு இருந்தது. ‘இரு கண்களிலும் பார்வை நன்று’ என்று இரண்டு மாதத்துக்கு முன்னர் அதில் எழுதித் தந்திருந்தார்கள். அது பொய். அந்தப் பொய்யை உண்டாக்கியவள் நான். எப்படி என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் பின்னே போக வேண்டும்.

யன்னல் திறந்து கிடந்திருக்கும்

கலியாணம் முடித்துக் கிளிவெட்டியிலிருந்து மூதூருக்கு வந்த கதையைச் சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அடுத்த வருடமே வதனி பிறந்தாள். மூன்றாம் நாள் வலது கண்ணை அகலத் திறந்து என்னைப் பார்த்தாள். இடது கண் கொஞ்சம் திறந்து, அதோடு நின்றுவிட்டது.

“பிஞ்சுக் கண்தானே, திறக்கும்” என்றார்கள். தாய்ப்பால் இரண்டு துளி விடச் சொன்னார்கள், விட்டேன். நல்லெண்ணெய் தொட்டு இமையை மேல்நோக்கித் தடவச் சொன்னார்கள், தடவினேன். கோயிலுக்கு வெள்ளியில் கண் செய்து வைப்பதாக என் கணவர் நேர்ந்தார், வைத்தோம். அதையெல்லாம் நான் இன்றைக்கும் கேலி செய்ய மாட்டேன். பிள்ளைக்காக எதையும் செய்யும் வீடு அது.

மச்சாள் மட்டும் காரணத்தைத் தேடிக்கொண்டே இருந்தார்.

“கிரகணத்தண்டைக்கு நீ கிணத்தடியில நிண்டிருப்பாய்.”

“இல்லை மச்சாள். அண்டைக்கு முழுக்க அம்மா என்னை அறைக்குள்ள விட்டுப் பூட்டி வைச்சிருந்தவ.”

“அப்ப யன்னல் திறந்து கிடந்திருக்கும்.”

பிள்ளைப்பேற்றுக்கு நான் போயிருந்த கிளிவெட்டி மண்வீட்டு அறைக்கு யன்னலே கிடையாது. அதைச் சொன்னால், ஓட்டை எங்கே இருந்தது என்று கேட்பார்.

ஏஜெண்டர் அம்மா

நடக்கத் தொடங்கியபோது வதனி நாடியைத் தூக்கி, முகவாய் முன்னே நிற்க நடந்தாள். புருவம் மேலே ஏறி, அந்தச் சின்ன நெற்றியில் மூன்று மடிப்பு விழும். எதைப் பார்ப்பதானாலும் தலையைப் பின்னே சாய்த்து, கண்ணைத் தாழ்த்தி, உயரத்திலிருந்து பார்ப்பதுபோல் பார்ப்பாள்.

மூதூருக்கும் திருகோணமலைக்கும் ஓடும் லாஞ்சியில் என் கணவர் சுக்கான் பிடிப்பவர். அவருடைய கூட்டாளிகளுக்கு வதனியைக் கண்டால் கொண்டாட்டம்.

“ஏஜெண்டர் அம்மா வாறா! எழும்பி இடம் விடுங்கோ!”

மாவட்டத்தையே ஆளும் அரசாங்க ஏஜெண்டர் மாதிரி அவளும் ஒருவரையும் பொருட்படுத்தாமல் நாடியைத் தூக்கிக்கொண்டு போய் முன் வாங்குப் பலகையில் உட்காருவாள். எனக்கு உள்ளுக்குள் பெருமை. என் பிள்ளை என்னைப் போலத் தலை நிமிர்ந்து நடக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

மச்சாளுக்கு அது பொறுக்கவில்லை. “பொம்பிளைப் பிள்ளை வானத்தைப் பாத்து நடந்தா நாளைக்கு ஆர் கட்டுவான்? இப்பவே வளைக்காட்டிப் பிறகு வளையாது.”

வளைக்கத் தொடங்கினார். நாடி எழும்பும் போதெல்லாம் உச்சந்தலையில் விரலால் ஒரு தட்டு. “குனி.” குனிந்தால் ஒரு கச்சான். சாப்பிடும்போது, விளையாடும்போது, கோயிலில் கும்பிடும்போது எல்லாம் “குனி.” முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். பள்ளிக்கூடம் போகும்போது மற்றப் பிள்ளைகள் நெளிப்புக் காட்டிச் சிரித்தால்? நானும் சேர்ந்துகொண்டேன். நானும் தட்டினேன்.

நாலரை வயதில் அவள் தலை நேராகிவிட்டது. நெற்றி மடிப்பும் போய்விட்டது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். திருகோணமலைக்குப் போய் ஸ்ரூடியோவில் படம் எடுத்தோம். ஒரு கதிரையில் அமர்ந்து, நேரே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் படம் இன்னும் அலுமாரிக்குள் இருக்கிறது. அதை நான் எடுத்துப் பார்ப்பதில்லை.

களத்து மேட்டில் பாடம்

இங்கே என் படிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் செய்த பிழை அங்கேதான் முளைத்தது.

எங்கள் குடும்பத்தில் எழுத்தறிந்த முதல் ஆள் நான். அப்பா பெருவிரல் அடையாளம் வைப்பவர். ஆனால் என்னைப் படிப்பிப்பதில் அவர் வாத்தியாரை விடக் கண்டிப்பு. களத்தில் நெற்சூடு மிதிக்கும் காலத்தில் மாடுகளின் பின்னால் அவர் சுற்றுவார். நான் வைக்கோலில் உட்கார்ந்து சரித்திர பாடத்தை உரக்கச் சொல்ல வேண்டும். அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் நேற்றுச் சொன்னதற்கும் இன்று சொன்னதற்கும் ஒரு சொல் வித்தியாசப்பட்டால் மாட்டை நிறுத்திவிடுவார்.

“நேற்று ‘கைப்பற்றினான்’ எண்டனி. இண்டைக்கு ‘பிடித்தான்’ எண்டுறாய். எது சரி?”

“ரெண்டும் ஒண்டுதான் அப்பா.”

“புத்தகத்தில என்ன கிடக்கு?”

“கைப்பற்றினான்.”

“அப்ப அதைச் சொல்லு.”

அப்படிப் படித்து எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணினேன். பழைய வினாத்தாள்களை வாங்கி, எந்தக் கேள்வி வரும் என்று பார்த்து, பதிலைப் பாடமாக்கி, பரீட்சைக்குப் போய்க் கொட்டிவிட்டு வருவேன். பரீட்சை என்பது முன்கூட்டி ஆயத்தமாகப் போக வேண்டிய இடம். ஆயத்தமில்லாமல் போகிறவர் மடையர். இதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருந்ததில்லை. தபாற்காரர் பெறுபேற்றைக் கொண்டுவந்த அன்று அப்பா அந்தக் கடதாசியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அதைவிடப் பெரிய பட்டம் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

மூன்று பல் சீப்பு

வதனிக்கு ஐந்து வயதாகப் போகிறபோது, ஊசி போட வந்த மருத்துவிச்சி அவளைப் பார்த்துவிட்டு, “இமை இவ்வளவு இறங்கின பிள்ளையை இன்னும் கண் டொக்டரிட்டக் காட்டேல்லையோ?” என்று கேட்டார். அடுத்த கிளினிக் நாளுக்கே லாஞ்சி ஏறினேன்.

திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கண் டொக்டர் மாதத்தில் ஒரு நாள்தான் வருவார். நாங்கள் போய்ச் சேர நம்பர் துண்டு முடிந்துவிட்டது. அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். திரும்பும் லாஞ்சிக்கு நேரம் கிடந்ததால் வாங்கில் உட்கார்ந்து, அங்கே நடப்பதைப் பார்த்தேன்.

சுவரில் ஒரு வெள்ளை அட்டை தொங்கியது. எழுத்துத் தெரியாதவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்குமான அட்டை அது. மூன்று பல்லுள்ள கட்டைச் சீப்பு மாதிரி ஒரே அடையாளம், மேலே பெரிதாக, வரி வரியாகக் கீழே சிறுத்துக்கொண்டு போகும். பல் ஒரு இடத்தில் மேலே பார்க்கும், ஒரு இடத்தில் கீழே, ஒரு இடத்தில் பக்கவாட்டில். நேர்ஸ் மிஸி ஒரு கண்ணை மறைத்துவிட்டுக் கம்பால் தொட்டுக் கேட்பார்: “சீப்புப் பல் எந்தப் பக்கம்?” பிள்ளை விரலால் காட்ட வேண்டும்.

எனக்கு முன்னால் ஒரு பெடியன் அழுதான். இன்னொரு பிள்ளை வாயே திறக்கவில்லை. மிஸி அலுத்துப்போய், “இது ஒண்டும் சொல்லாது” என்று துண்டில் எதையோ எழுதினார். வதனியும் புது ஆட்களைக் கண்டால் வாய் திறக்காதவள். இவளையும் அப்படித்தான் எழுதிவிடுவார்கள். கண் தெரியாதது, புத்தி மட்டு என்று.

கொப்பியை எடுத்தேன். அட்டையில் இருந்ததை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் ஒன்று விடாமல் பார்த்து எழுதினேன்.

வீட்டுக்கு வந்து, பழைய கலண்டரின் பின்பக்கத்தில் நீலப் பென்சிலால் அதைப் பெரிதாக வரைந்து குசினிச் சுவரில், அடுப்புக்கு எதிரே ஒட்டினேன். அடுத்த கிளினிக்குக்கு ஒரு மாதம் இருந்தது. கறிக்கு வெங்காயம் உரிக்கும்போது, தலை வாரி இழுக்கும்போது எல்லாம் பாடம் நடந்தது. வதனி கெட்டிக்காரி. இரண்டே கிழமையில் அதைப் பாட்டாக ஆக்கிவிட்டாள். “மேலே, அந்தப் பக்கம், கீழே, கீழே, இந்தப் பக்கம்…” விரல்களும் கூடவே ஆடும். நான் அதைக் களவு என்று நினைக்கவில்லை. ஆயத்தம் என்றுதான் நினைத்தேன்.

கிளினிக் நாள் வந்தது. மிஸி முதலில் இடது கண்ணை மறைத்துக் கேட்டார். எல்லாம் சொன்னாள். பிறகு வலது கண்ணை மறைத்தார். வதனி கொஞ்சம் தயங்கி என் பக்கம் திரும்பினாள். “சொல்லு” என்றேன். தொடங்கினாள். கம்பு கீழே கீழே இறங்க, விரல்கள் பிழைக்காமல் காட்டின. கடைசி வரியும் முடிந்தது.

“கெட்டிக்காரி!” என்று மிஸி ஒரு டொபி கொடுத்தார். டொக்டர் துண்டைப் பார்த்தார். இமையைத் தூக்கி டோர்ச் அடித்தார். “பார்வை நல்லாயிருக்கு. இமைக்கு அவசரமில்லை. பத்து வயசில பாப்பம்” என்றார்.

அன்று திரும்பும் லாஞ்சியில் என் கணவர் சுக்கானிலிருந்தபடியே எல்லோருக்கும் சொன்னார்: “என்ர மகள் சோதினை பாஸ்!” பூரணம் மச்சாள் அன்றைக்கு என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னார். அபூர்வம். “தாய் படிச்சவளெல்லோ” என்றார்.

“ஆர் நிக்கிறது?”

அடுத்த மாதமே ஊரில் கண்நோய் பரவியது. பக்கத்திலிருந்த மச்சாள் வீட்டுக்கு முதலில் வந்தது, அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு. வதனிக்கு வலது கண்ணில்தான் வந்தது. வீங்கி, பீளை கட்டி, மூடியே போயிற்று.

ஒரு பகல். வெளியில் நல்ல வெயில், கதவு திறந்து கிடந்தது. கஞ்சிக் கோப்பையோடு அறை வாசலில் நின்றேன். பாயில் இருந்தபடி வதனி என் பக்கம் திரும்பினாள்.

“ஆர் நிக்கிறது?”

விளையாடுகிறாள் என்று நினைத்து நான் பேசவில்லை.

“மாமியோ?”

வதனிக்கு மாமி என்றால் பூரணம் மச்சாள், என்னைப் போல இரண்டு மடங்கு பருமன். கோப்பையை வைத்துவிட்டு அருகே போய் இருந்தேன். இமைதான் மறைக்கிறது என்று நினைத்து, பெருவிரலால் இடது இமையை மேலே தூக்கிப் பிடித்தேன். கண் தெளிவாக, கறுப்பாக, ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. என்னை நேரே பார்த்தது.

மறு கையின் மூன்று விரல்களை ஒரு முழம் தள்ளிப் பிடித்தேன். “இது எத்தினை?”

கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முகம் மலர்ந்தது.

“சீப்போ அம்மா? மேலே, அந்தப் பக்கம், கீழே, கீழே, இந்தப் பக்கம்…”

குசினிக்கு ஓடிப்போய்க் கலண்டரைக் கிழித்துக்கொண்டு வந்தேன். திகதிகள் உள்ள பக்கத்தை அவளுக்குக் காட்டிப் பிடித்தேன். அதையும் பார்த்துப் பார்த்து, விரலை ஆட்டி, கடைசி வரி வரைக்கும் பிழையில்லாமல் சொல்லி முடித்தாள். பரீட்சைப் புள்ளி எத்தனை என்று கேட்பதுபோல் என் குரலுக்காகக் காத்திருந்தாள்.

“கெட்டிக்காரி” என்றேன். வேறு என்ன சொல்வது?

அன்று நான் அழுதேன் என்று எழுதினால் வாசகர்கள் நம்புவார்கள். அழவில்லை. கொப்பியை எடுத்து அடுத்த கிளினிக் நாள் என்றைக்கு என்று பார்த்தேன்.

பிழை என்னுடையது

ஆகவேதான் அந்தக் காலையில் ஜெட்டியில் நின்றேன். வீட்டில் நான் விரல் காட்டியதைச் சொன்னபோது, கண்நோய் வந்த பிள்ளைக்கு எது தெரியும் என்று மச்சாள் கேட்டார். ஆனால் என் கணவர், நாங்கள் முதல் ஆளாகப் போய் நம்பர் எடுக்க வேண்டும் என்பதற்காக, லாஞ்சி திருகோணமலையில் கரை தட்டியதும் கயிறு கட்டுவதற்கு முன்னமே எங்கள் இருவரையும் கைகொடுத்து இறக்கிவிட்டார்.

மிஸி வதனியை அடையாளம் கண்டுகொண்டார். “பாஸான ஆளெல்லோ? ஏன் திரும்ப வந்தனீங்கள்?”

“மிஸி, அந்த அட்டையை நான் பாத்தெழுதிக்கொண்டு போய்ப் பிள்ளைக்குப் பாடமாக்கினனான். இடது கண் அவவுக்குத் தெரியேல்லை. பிழை என்னில.”

மிஸியின் முகம் சிவந்தது. “என்னையும் ஏமாத்திப் போட்டீங்களே!” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். டொக்டர் எங்களைக் கூப்பிட்டார்.

“எத்தினை வரி படிப்பிச்சனீங்கள்?”

“முழுக்க, டொக்டர்.”

“கடைசி வரியுமோ?”

“ஓம்.”

“கடைசி வரி இந்தத் தூரத்தில எனக்கே தெரியாது” என்றார். சிரிக்கிறாரா, ஏசுகிறாரா என்று தெரியவில்லை. மிஸியிடம் ஒரே ஒரு சீப்பு வரைந்த சின்ன அட்டையை வாங்கித் தன் கையிலேயே பிடித்து, நினைத்த பக்கமெல்லாம் திருப்பினார். வலது கண் எல்லாவற்றையும் சொன்னது. இடது கண்ணுக்கு, இமையைத் தூக்கிப் பிடித்தும், கிட்டக் கொண்டுவந்தும், வதனி பழைய பாட்டையே பாடினாள். ஒன்றும் பொருந்தவில்லை. டொக்டர் துண்டில் பழையதை வெட்டிப் புதிதாக எழுதினார். பெயில்.

“சின்னனில தலையை நிமிர்த்திப் பாக்கிறவவோ?”

“ஓம். இப்ப இல்லை. நாங்கள் பழக்கி நிப்பாட்டிப் போட்டம்.” இதை நான் கொஞ்சம் பெருமையோடு சொன்னேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார்.

“இமைக்குக் கீழால பாக்கத்தான் பிள்ளை நாடியைத் தூக்கினது. ரெண்டு கண்ணாலயும் பாக்க வேணுமெண்டு அது பாடுபட்டிருக்கு. நீங்கள் தலையைக் குனிய வைச்ச உடன, சரி, ஒண்டு போதும் எண்டு இடது கண்ணை விட்டிட்டுது.”

என் விரல் அவள் உச்சந்தலையில் எத்தனை தரம் தட்டியது என்று அப்போது எண்ண முடியவில்லை.

“கண் பழுதில்லை” என்று அவர் தொடர்ந்தார். “இமையின்ர பாரத்தில உருண்டை கொஞ்சம் வளைஞ்சிருக்கு, கண்ணாடி போட வேணும். மற்றது, அந்தக் கண் பாக்கிறதை எடுக்க மூளை பழகேல்லை. நல்ல கண்ணைக் கட்டி வைச்சா வேற வழியில்லாமல் பழகும். ஆனா ஏழெட்டு வயசுக்குள்ள. அதுக்குப் பிறகு நான் என்ன செய்தாலும் வராது. நீங்கள் பத்து வயசில வந்திருந்தா முடிஞ்சுது கதை.”

இரண்டு மாதத்துக்கு முன்னர் அவரே பத்து வயதில் பார்ப்போம் என்று சொன்னவர். என் பாடத்தை நம்பிச் சொன்னார். அவரும் அதை நினைவூட்டவில்லை, நானும் நினைவூட்டவில்லை.

“நாளுக்கு எத்தினை மணித்தியாலம் கட்ட வேணும்?” என்று கேட்டேன்.

மாமிக்கும் ஒட்டுங்கோ

நாலு மணித்தியாலம். வலது கண்ணில் பஞ்சை வைத்து, மேலே பிளாஸ்டர் ஒட்டி, அதற்கு மேல் கண்ணாடி. இடது இமை விழாமலிருக்க அதையும் ஒரு மெல்லிய பிளாஸ்டர் கீலத்தால் நெற்றியோடு தூக்கி ஒட்டச் சொன்னார்கள். முதல் நாள் வதனி சுவரில் மோதினாள், தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டாள், பாயில் விழுந்து கத்தினாள். அயலில் உள்ளவர்கள் வேலியால் எட்டிப் பார்த்தார்கள்.

“நல்ல கண்ணைக் கட்டிப்போட்டுக் கூடாத கண்ணோட நடக்க விடுறாளே, இவளும் ஒரு தாயோ?” என்று மச்சாள் கேட்டார்.

“நொண்டிக் காலை நடத்தினாத்தான் நடக்கும் மச்சாள்.”

“அதுக்கு நல்ல காலைக் கட்டுவினமோ?”

அடுத்த நாளும் கட்டினேன்.

மூன்றாம் கிழமை ஒரு விஷயம் கண்டுபிடித்தேன். நான் கூட்டுறவுச் சங்கக் கடைக்குப் போய்வரும் நேரங்களில் பிளாஸ்டர் பிடிமானம் இழந்து, மயிர் ஒட்டிக் கிடந்தது. மச்சாள் கழற்றிவிட்டு, என் செருப்புச் சத்தம் கேட்டதும் திரும்ப ஒட்டியிருக்கிறார்.

“பிள்ளை அழுதா நான் கழற்றுவன்” என்றார் நேருக்கு நேர். “என்ர கண்ணுக்கு முன்னால அது தடவித் திரியிறதைப் பாக்க ஏலாது.”

“அப்ப இனி நான் கடைக்குப் போகேக்க அவவையும் கூட்டிக்கொண்டு போவன்.”

“வெயிலுக்குள்ளயோ? கொலைகாரி.”

நாங்கள் இருவரும் குரலை உயர்த்திக்கொண்டிருக்க, வதனி நடுவில் வந்து நின்றாள். “மாமிக்கும் ஒட்டுங்கோ” என்றாள்.

மச்சாள் சிரித்தார். வதனி சிரிக்கவில்லை. “மாமிக்கும் ஒட்டினா நான் அழ மாட்டன்.”

ஒட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. பூரணம் மச்சாள் ஒற்றைக் கண்ணோடு முற்றத்துக்கு இறங்கி, கொடிக் கயிற்றில் நெற்றியைக் கொடுத்து, மீன்காரரிடம் பாரைக்குப் பதில் வேறெதையோ வாங்கிக்கொண்டு வந்தார். மீன்காரர், “என்ன பூரணக்கா, ஆரோட சண்டை?” என்று கேட்டிருக்கிறார். “என்ர மருமகளோட கூட்டு” என்றாராம்.

அதற்குப் பிறகு அவர் கழற்றவில்லை. காலையில் இருவரும் ஒட்டிக்கொண்டு சுளகோடு உட்காருவார்கள். சமைக்கிற அரிசியில் கல் பொறுக்குவது வேலை. முதலில் மச்சாள் சுளகில் பெரிய கற்களைப் போட்டுவிடுவார். வதனி தடவித் தடவி எடுப்பாள். பிறகு பார்த்து எடுத்தாள். பிறகு சின்னக் கல். ஒரு நாள், “மாமி, இது கல்லில்லை, நெல்லு” என்றாள். மச்சாள் சுளகைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் வந்து எனக்குக் காட்டினார். “நெல்லு” என்றார். மச்சாள் மெல்லிய குரலில் பேசியதை நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

மாதம் ஒரு தரம் லாஞ்சி, கிளினிக், மிஸி. மிஸி இப்போது சுவரட்டையைத் தொடுவதே இல்லை. கையட்டையைத்தான் திருப்புவார். என் கண்ணுக்குத் தெரியாமல் முதுகைக் காட்டிக்கொண்டு திருப்புவார். எனக்குக் கோபமில்லை. இடது கண் சுவரட்டையின் முதல் வரி அளவுச் சீப்புக்கு வந்தது. மழைக்குப் பிறகு இரண்டாவது. ஆறு வயது முடிகிறபோது நாலாவது வரி.

வெள்ளைப் படிவம்

“கண் முழிச்சிட்டுது” என்றார் டொக்டர். “ஆனா எவ்வளவு காலத்துக்குப் பிளாஸ்டர் கீலத்தால இமையைத் தூக்கி வைச்சிருப்பீங்கள்? இமை கீழ கிடந்தா அது திரும்பப் படுக்கும். இனிமேல் ஒப்பரேஷன்தான். கொழும்புக்கு எழுதித் தாறன்.”

எல்லாவற்றையும் கேட்டேன். தொடையிலிருந்து நாடா மாதிரி ஒரு கீலம் எடுத்து இமையை நெற்றித் தசையோடு இணைப்பார்கள். புருவத்தைத் தூக்கினால் இமையும் கூட எழும்பும். நித்திரையில் கண் முழுக்க மூடாது, அதற்கு மருந்து பூச வேண்டும். சில பிள்ளைகளுக்கு இன்னொரு தரம் செய்ய வேண்டி வரும். மற்ற இமையைப் போலவே ஆகும் என்று சொல்ல ஏலாது. அவர் ஒளிக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. பெற்றோரின் சம்மதம் கேட்டு ஒரு வெள்ளைப் படிவமும் தந்தார்.

நாலாம் நாள்தான் வீட்டில் மத்தியானச் சாப்பாட்டின்போது சொன்னேன். மச்சாள் சோற்றுக் கையோடு எழும்பிவிட்டார்.

“பொம்பிளைப் பிள்ளையின்ர முகத்தில கத்தி வைக்கிறதோ? இவ்வளவு நாளும் நீ சொன்னதெல்லாம் கேட்டனான். கண்ணைக் கட்டச் சொன்னாய், கட்டினன். என்ர கண்ணையும் கட்டினன். இது ஏலாது. கண் தெரியத் தொடங்கிட்டுது, அது போதும்.”

“கீலத்தைக் கழற்றினா அது நிக்காது மச்சாள்.”

“அப்ப ஒட்டிக்கொண்டே இருப்பம்.”

“கலியாண நாளிலயுமோ?”

மச்சாள் திரும்ப உட்கார்ந்துவிட்டார். என் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கடலில் எந்தக் காற்றுக்கும் பதறாத மனிதர், இந்த ஒரு சொல்லுக்குப் பயந்தார். கத்தி.

“தைப்பொங்கல் முடியட்டும். யோசிச்சுச் சொல்லுவம்” என்றார்.

“பொங்கலுக்கு இன்னும் நாலு மாதம். அவவுக்கு ஏழு வரப்போகுது.”

“நாலு மாதத்தில என்ன குடியோ முழுகும்?”

“ஓம். இந்தக் கண்ணுக்கு முழுகும். ரெண்டு மாதம் நான் வீணாக்கினது போதும்.”

அவர் என்னைப் பார்த்தார். வதனி அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைக் கொஞ்சம் தூக்கி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அந்தத் தலையை ஒருவரும் தட்டுவதில்லை.

“எத்தினை நாள் நிக்க வேணும் கொழும்பில?” என்று மெல்லக் கேட்டார்.

“பத்து நாள் எண்டு வையுங்கோ.”

“அந்தப் படிவத்துக்குத் தகப்பன் கையெழுத்து வேணுமெல்லோ. கொண்டு வா, எதுக்கும் பாப்பம்.”

“தாய் அல்லது தகப்பன் எண்டுதான் போட்டிருக்கு. ரெண்டு தரம் வாசிச்சனான்.”

“அப்ப?”

“நான் கையெழுத்து வைச்சு, கொழும்புக்குத் தபாலில போட்டிட்டன். முந்தநாள்.”

மூதூர்த் தபால் பை அவருடைய லாஞ்சியில்தான் போகும். முந்தின நாள் காலை அதைத் தோளில் தூக்கி, திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய் இறக்கிக் கொடுத்தவர் அவரேதான்.